துருவின் மேல் காவி

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி ஊர்க் கமிட்டிக்காரர்கள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லில் வெட்டப் போகிறார்களாம். ஏரிக்கரை மேடையில் இடியாமல் நிற்கும் பாதியைச் சரிபண்ணி, அதற்கு அவர் பேரை வைத்து, இந்த வருஷம் ஏரி நிரம்பும் நாளில் திறக்கப் போகிறார்களாம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாலெழுத்து படித்தவள் என்பதால் என்னிடம் வந்தார்கள். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தேன். என் மகள் அமுதாதான் இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து டம்ளர்களை நீட்டினாள். அவள் கையிலிருந்து மோரை வாங்கிக் குடித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.

கோபத்தில் எனக்கு அன்று வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பேரை எழுதமாட்டேன். பயந்துகொண்டு அல்ல. அவருடைய பேரப்பிள்ளைகள் இதே தெருவில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. எப்படியும் ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் கட்டட வேலைகளைக் குத்தகை எடுத்துச் செய்தவர், அதனால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் காண்ட்ராக்டர் மாமா. எனக்கும் மாமாதான், ஒரு உறவும் கிடையாது.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகும் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறும் இடத்தில் தினமும் அவரைப் பார்ப்பேன். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை. வயலுக்குப் போனாலும் அதேதான். சைக்கிள் பின்னால் ஒரு கோணிப்பை, அதற்குள் பூசுகிற கரணை ஒன்று, ஒரு சட்டி, காகிதத்தில் மடித்த கொஞ்சம் சிமெண்ட். டாக்டர் கழுத்தில் குழல் தொங்குவது போல அவருக்கு அந்தக் கோணிப்பை. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார். "வாங்க மாமா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் ஒரு விரிசலின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் சமையற்கட்டுச் சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நர்சம்மா, செவுத்துல ஓதம் ஏறிக்கினு கீது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் இன்னா வேத்து மனுஷனா?"

"பின்னால சாக்கடை தேங்குது மாமா. அதை வெட்டி விட்டாத்தான் சரியாகும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"சாக்கடை கெடக்கட்டும். வூட்டுக்கு வர்றவங்க சாக்கடையையா பாப்பாங்க? செவுத்தைத்தான் பாப்பாங்க."

அன்று மாலையே வந்து பூசிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. காபி மட்டும் குடித்தார். பூசிய இடம் சந்தனம் தடவினது மாதிரி அவ்வளவு வழவழப்பாக இருந்தது, நானே கையால் தடவிப் பார்த்தேன். அடுத்த மழையில் பூச்சு அப்படியே வீங்கிக் கொட்டியது. மறுபடி வந்தார், மறுபடி பூசினார். அதற்கடுத்த மழையிலும் கொட்டியபோது, கையில் ஒரு பெரிய முருகன் காலண்டரோடு வந்து, அந்த இடத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, ரெண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"இப்பப் பாரு. இன்னா கொறை?"

நாங்கள் சிரித்தோம். ஊரே அவரைப் பற்றி இப்படிப் பல கதைகள் வைத்திருந்தது. ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சிரிப்பில் பாசமும் இருக்கும். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு உடம்பு எரிகிறது.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருஷத்தில் கன்னம் வீங்கி அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இரு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசியவர் அவர். தன் கைக்காசில் அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்து, "மொகத்துல கொஞ்சம் மஞ்சள் பூசிக்கோ கண்ணு, சிரிச்சிக்கினே போ, பஸ்ஸுல நாலு பேரு பாப்பாங்க" என்று சொல்லிப் புருஷன் வீட்டுக்கு ஏற்றி அனுப்பினார். இரு வீட்டாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவன் ஏன் அடித்தான் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. ஒரு முறை கால் விரலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேலே சுத்தமான வெள்ளைத் துணி, அழகான முடிச்சு. துணியை அவிழ்த்தால் மேல்தோல் மூடி, காய்ந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் விரலை அழுத்தினேன். முகம் சுருங்கிப் போனது அவருக்கு.

"இத்த ஏம்மா தொறக்கிறே? நல்லாத்தானே காஞ்சிக்கினு வருது."

"மேலதான் மாமா காஞ்சிருக்கு. உள்ள சீழ் நிக்குது. தொறந்து கழுவலன்னா விரலே போயிடும்."

திறந்து கழுவினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கட்டிவுடு நர்சம்மா, சீக்கிரம் கட்டிவுடு" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். வலிக்காகச் சொல்லவில்லை. திறந்து கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. விரல் பிழைத்தது. ஒரு கூடை கத்தரிக்காய் கொண்டு வந்து கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு, ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.

இப்படிப்பட்டவர் கட்டியதுதான் அந்த மேடை.

ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கான்கிரீட் தூண்கள், மேலே கான்கிரீட் தளம், ஓரத்தில் கட்டைச் சுவர், பக்கவாட்டில் தண்ணீருக்கு இறங்கப் படிகள். நான் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வருவதற்கு முன்பே கட்டியது. சுற்றுப்பட்டில் எந்த ஏரியிலும் அப்படி ஒன்று இல்லை என்று அவருக்குப் பெருமை. யார் வெளியூரிலிருந்து வந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "கல்லு மாதிரி. இன்னும் நூறு வருசம் நிக்கும்" என்று சொல்லித் தூணைத் தட்டுவார், நல்ல மாட்டை வாங்கியவன் அதன் முதுகைத் தட்டுவது மாதிரி.

ஊருக்குத் துணி வெளுப்பவள் முனியம்மா. அவளுக்கு வாய் நீளம். வெளுத்த வேட்டிகளை மேடையின் கட்டைச் சுவரில்தான் காயப் போடுவாள். ஒரு நாள் தெருவே கேட்கும்படி ஒரு வேட்டியை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளை வேட்டியின் நடுவே வரிசையாகச் செம்பழுப்புக் கறை.

"இன்னா மாமா இது? உன் மேடைல போட்டா வேட்டியெல்லாம் காவி கட்டுது. ஊரையே சாமியாரா போவச் சொல்றியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. அவளுக்கு ஒரு புதுச் சோப்புக்கட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு தனியாக ஏரிக்கரைக்குப் போய் ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் மேடைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்புக்கு மேலே, கோயில் மதிலுக்கும் குளத்துப் படிக்கும் போடுவோமே, அதே மாதிரி காவிப் பட்டை போட்டார். கட்டைச் சுவரில் மேலிருந்து கீழாக, தூண்களிலும் மேலிருந்து கீழாக. வேறு ஆளை வைத்துச் செய்யவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தன் கையாலேயே போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏரியே கோயிலாகிவிட்டது என்றார்கள். பெண்கள் ஒரு தூணுக்குக் குங்குமம்கூட வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வேட்டியில் கறை பட்டால் முனியம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. "காவி பக்கத்துல போட்டா ஒட்டாதா? தள்ளிப் போடு" என்று சொல்லிவிடுவார். கறைக்கு ஒரு நல்ல பேர் கிடைத்துவிட்டது, கூடவே பக்தியும் சேர்ந்துவிட்டது. அதை யாரும் சந்தேகிக்க முடியாது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் பட்டைகள் ஒரே இடைவெளியில் இல்லை. ஒரே அளவு கத்தரிக்காய் பொறுக்குகிற மனிதர் அவர். வேட்டி மடிப்பு ஒரு விரல் கோணினால் மறுபடி அவிழ்த்துக் கட்டுகிறவர். அவர் போட்ட பட்டைகள் ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் அகலமாக, ஒன்று கோணலாகக்கூட இருந்தன. தண்ணீரில் நின்று போட்டது, வயசாகிவிட்டது, கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷா வருஷம் சுண்ணாம்பும் காவியும் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு கோடையில், தண்ணீர் இறங்கிக் கிடந்தபோது, தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து வெல்ல அச்சு அளவு ஒரு துண்டு முனியம்மா பக்கத்தில் விழுந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏன் மாமா, இது மேடையா, கெயவி வாயா? பல்லு ஒண்ணொண்ணா வியுது!"

"காலைலயே பேஜார் பண்ணாத முனியம்மா. சாயங்காலம் வந்து பூசிடறேன்."

"பூசு பூசு. நீ பூசற பூச்சுல என் மாமியா மொகத்தையும் ஒரு தபா பூசி வுடு. கொஞ்சம் லட்சணமா இருக்கட்டும்."

சாயங்காலமே பூசிவிட்டார். அந்தத் துண்டு கொஞ்ச நாள் முனியம்மா வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கக் கிடந்தது. நானே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் ஏடு ஏடாக உரிந்தது.

பிறகு மழை பெய்த வருஷம் வந்தது. பல வருஷம் முழுசாக நிரம்பாத ஏரி, அந்த ஐப்பசியில் நிரம்பி வழிந்து கோடி போனது. எங்கள் பக்கத்தில் ஏரி கோடி போவது என்றால் அது பொங்கலுக்கும் மேல். கோடியில் தண்ணீர் வழிகிற சத்தம் ஊருக்குள் கேட்டதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். பெண்கள் மஞ்சளும் பூவும் தேங்காயும் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குப் படைப்பார்கள். அன்று எல்லோரும் மேடையில் ஏறினார்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்துப் பட்டை போட்டிருந்தது. அவர் நடுவில் நின்று கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் இறங்கிக் கரை மேல் வந்துகொண்டிருந்தேன். அமுதாவுக்கு அப்போது ஒன்பது வயது. கட்டைச் சுவரோரமாகப் பூத்தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. தென்னை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீர்ப் பக்கத்துத் தூண்கள் மண்டியிட்டன. தளத்தின் பாதி சரிந்தது. கற்பூரத் தட்டோடு அவர் கரைப் பக்கத்துப் பாதியில் நின்றுகொண்டிருந்தார், அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீழ்ப்படியில் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த முனியம்மா மேல் கட்டைச் சுவர் விழுந்தது. அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அமுதாவின் இடது கெண்டைக்காலில் ஒரு கம்பி ஏறியிருந்தது. துருப்பிடித்து முனை முள்ளாக மாறிய கம்பி. மார்பளவுத் தண்ணீரில் நின்று அவளைத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஆண்கள் கான்கிரீட் துண்டை நெம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தவே இல்லை, "அம்மா, பூவெல்லாம் கொட்டிப்போச்சி" என்று மட்டும் சொன்னாள். அந்த நேரத்தில்தான் உடைந்த சுவரை என் முகத்துக்கு நேரே பார்த்தேன். வெளிப்பக்கம் காவிப் பட்டை. அதற்கு நேர் பின்னால், உடைந்த இடத்தில், ஒரு கம்பி. அடுத்த பட்டை, அதன் பின்னால் அடுத்த கம்பி. பட்டை கோணிய இடத்தில் கம்பியும் கோணியிருந்தது. ஒரு பட்டைகூடச் சும்மா போட்டதில்லை. உள்ளே துருப்பிடித்து, கறை கசிந்து, கோடு கோடாக வெளியே வந்த இடத்திலெல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு பட்டை இழுத்திருந்தார்.

கை நடுங்கவில்லை அவருக்கு. அவ்வளவு கச்சிதம்.

மறுநாள் விசாரணைக்கு அதிகாரிகள் வருவார்கள் என்று தெரிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? விடிந்ததும் ரெண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய், இடியாமல் நின்ற பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தார். "பெரிய ஆபீசருங்க வராங்க, இப்படியே கெடந்தா இன்னா நெனைப்பாங்க" என்றாராம். முனியம்மாவை அப்போதுதான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வந்தவர்களில் ஓர் இளம் எஞ்சினீயர் ஆஸ்பத்திரிக்கு வந்து அமுதாவைப் பார்த்தார். நான் அவரை விடவில்லை. எப்படி இடிந்தது, சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார்.

"எப்பவும் தண்ணிக்குள்ளேயே இருக்கிற கம்பி அவ்வளவு சீக்கிரம் கெடாதும்மா. ஏரி ஏறி இறங்குற மட்டம் இருக்கு பாருங்க, நனைஞ்சு காஞ்சு, நனைஞ்சு காஞ்சு, அந்த இடம்தான் மோசம். கம்பிக்கு மேல ரெண்டு விரக்கடையாவது கான்கிரீட் மூடியிருக்கணும். இங்க அரை விரக்கடைகூட இல்ல. ஏரி மணலைக் கழுவாம போட்டுக் கலந்திருக்காங்க. ஈரம் உள்ள போயி கம்பி துருப்பிடிச்சிருக்கு. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேணும். உள்ள இருந்தே ஊதி, கான்கிரீட்டை உடைச்சிக்கிட்டு வெளிய வரும். தூண்ல தண்ணி மட்டத்துல கம்பியெல்லாம் துடைப்பக்குச்சியா போயிருந்துச்சு."

"மேல பூசினா நிக்காதா?"

"பூச்சு கொஞ்ச நாள் நிக்கும். துரு நிக்காது. கறை தெரிஞ்ச அன்னைக்கே அந்த இடத்தை வெட்டித் திறந்து, துருவைச் சுரண்டி, கெட்ட கம்பியை மாத்தியிருக்கணும். பூசினதுல ஈரமும் உள்ளேயே தங்கிடுச்சு, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கும் ஒண்ணும் தெரியாம போயிடுச்சு."

நான் காவிப் பட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய மேலதிகாரிகள் கடைசியில் கூட்டம் அதிகமாக ஏறியதால் விழுந்தது என்று முடித்துவிட்டார்கள். அதாவது, குற்றம் எங்களுடையது. பூத்தட்டோடு நின்ற ஒன்பது வயதுப் பிள்ளையின் எடை அதிகம்.

அமுதாவின் காலில் சீழ் வைத்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். கால் தங்குமா போகுமா என்று டாக்டர் சொல்லவில்லை. தினமும் புண்ணைத் திறந்து, கழுவி, திறந்தபடியே வைக்க வேண்டும், அடியிலிருந்து ஆறிக்கொண்டு வரவேண்டும், மேலே முதலில் மூடிக்கொண்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னார். நர்ஸ் வேலையில் எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. சொந்தப் பிள்ளைக்குச் செய்யும்போது, கழுவி முடித்ததும் வெளியே போய் வாந்தி எடுப்பேன்.

அப்படி ஒரு நாள் கழுவிக்கொண்டிருக்கும்போது காண்ட்ராக்டர் மாமா வந்தார். அதே கஞ்சி போட்ட சட்டை. கையில் ஒரு பவுடர் டப்பா, ரெண்டு டஜன் கண்ணாடி வளையல். புண்ணைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூடிவுடு நர்சம்மா. கொயந்த பாத்து பயந்துக்கப் போவுது."

அமுதாதான் பதில் சொன்னாள். "மூடினா உள்ள கெட்டுப்போவும் மாமா. அம்மா சொல்லிச்சி. தொறந்தே இருக்கணும்."

நான் துணியைக் கீழே வைத்தேன். "இங்க திரும்புங்க மாமா" என்றேன். திரும்பவில்லை. "ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பட்டை போட்டீங்களே, தெரிஞ்சுதானே போட்டீங்க?"

"கறை தெரிஞ்ச எடத்துல போட்டேன்."

"கறை எங்கிருந்து வருதுன்னு யாரையாவது கேட்டீங்களா?"

கையிலிருந்த வளையல்களை ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டார். பிறகு சுவரிடமே சொன்னார். "கேட்டா இன்னா சொல்லுவாங்க? ஒடைன்னு சொல்லுவாங்க. நான் கட்டினதும்மா அது. ஊருல நான் கட்டினதுன்னு அது ஒண்ணுதான் கீது."

அழுதார். பவுடர் டப்பாவைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் சிமெண்டைத் திருடினவர் என்றால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். திருடன் என்று சொல்லித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். அவர் திருடவில்லை. அவருக்கு அந்த மேடை மேல் பிரியம். பிரியம் வைத்த ஒன்றின் நோயைப் பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு முனியம்மாவின் உயிரும் என் பிள்ளையின் நடையும் போயின. அந்த அழுகையை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அமுதாவின் கால் தங்கியது, ஆனால் நேராகவில்லை. இப்போது பதினேழு வயது. ஊரோ அவருக்காக உச்சுக் கொட்டியது. "பாவம், மாமா மனசு ஒடைஞ்சி போச்சு" என்றது. முனியம்மாவுக்கு உடைந்தது மனசு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மிச்சப் பாதிக்கு அவர் ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பும் காவியும் அடித்துக்கொண்டேதான் இருந்தார். போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். முகம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் போகவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், தட்டிப் பார்க்காமல் எதன் கீழும் நிற்க முடியவில்லை. சந்தையில் சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. பஸ் நிற்கும் நிழற்குடைத் தூணைத் தட்டுகிறேன். அமுதாவின் பள்ளிக்கூடத்து வராந்தாவைத் தட்டினேன், வாத்தியார் சிரித்தார். வெறும் சட்டியைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த இத்தனை பெண்கள் தினமும் அந்த மேடையில் ஏறி இறங்கினோமே, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தோமா? மழை ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. நல்ல மழை, ஏரி நிரம்பட்டும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஏரி நிரம்பினால் பிள்ளைகள் அந்த மிச்சப் பாதி மேல் ஏறிக் குதிப்பார்கள்.

மோர் குடித்துவிட்டுப் போன கமிட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டித் திறக்கவில்லை. விழுந்த ஓரத்தைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, காவி போட்டார்கள். அவர்களில் ஒரு பையன் மாமாவோடு கடைசி வருஷங்களில் கூடவே இருந்தவன். எங்கெங்கே போட வேண்டும் என்று அவனுக்குப் பழைய பட்டைகள் காட்டிக் கொடுத்தன.

நான் திண்டாடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அமுதா ஒரு வாளியையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பின்னாலேயே ஓடினேன். எட்டு வருஷமாக அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

படியில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மேடை மேல் நாலைந்து குழந்தைகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தன. அமுதா மேடையில் ஏறவில்லை. படி வழியாக இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, முதல் தூணில் தண்ணீரை ஊற்றி நாரால் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இன்னா அமுதா, இன்னா பண்றே? இப்பதான் அடிச்சோம். இன்னும் காயக்கூட இல்ல" என்று அந்தப் பையன் ஓடி வந்தான்.

"காயறதுக்குள்ள கழுவினாத்தாண்ணா போவும்."

"உனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கீது?"

அவள் தேய்த்தாள். காவி சிவப்பாக ஒழுகித் தண்ணீரில் கலந்தது. சுண்ணாம்பும், அடியில் இருந்த பழைய பூச்சும்கூட உரிந்து வந்தன. அதன் கீழே, பட்டை இருந்த அதே இடத்தில், பட்டை அளவுக்கே ஒரு செம்பழுப்புக் கோடு. அதையும் தேய்த்தாள். இன்னொரு வாளி ஊற்றித் தேய்த்தாள். கை சிவந்துவிட்டது. அது போகவில்லை.

"காவின்னா போவணும் இல்லண்ணா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "போவலியே. ஏன்?"

துவைக்கிற சத்தம் நின்றிருந்தது. அந்தப் பையன் குனிந்து கோட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து அவன் கையோடு வந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஏடு ஏடாகச் செம்பொடி. அதைக் கீழே போடவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டும் இருக்க முடியாமல் நின்றான்.

முதலில் எழுந்தவள் யார் என்று பார்க்கவில்லை. ஒரு பெண் ஈரக் கையோடு மேலே போய்த் தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் மேடை காலியாகிவிட்டது. கட்டைச் சுவரில் காயப் போட்டிருந்த ஒரு புடவையை மட்டும் யாரும் போய் எடுக்கவில்லை. அது அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கல் வெட்டுகிறவருக்கு நான் எழுதி அனுப்பிவிட்டேன். கேட்டது நாலு வார்த்தை, கொடுத்ததும் நாலு வார்த்தை:

இந்த மேடையில் யாரும் ஏறாதீர்கள்.